வி.ஏ.ஓ. தெரியும், கி.நி.அ. யாரு?

இந்த எபிசோடை வழக்கமான ரூம்ல இல்லாம, கீழ்பென்னாத்தூர்ல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி கோழி சத்தம் கேட்கும். திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவுல ஓடுற பஸ் ஹாரனும் கேட்கும். அதையெல்லாம் கட் பண்ண வேணாம்னு எடிட் பண்ற தம்பிகிட்ட சொல்லிட்டேன்.

இன்னைக்கு விஷயம், சுருக்கெழுத்து. ஆபீஸ்ல வேகமா எழுதுற ஷார்ட்ஹேண்ட் இல்ல. வி.ஏ.ஓ., ஆர்.டி.ஓ., ஓ.ஏ.பி., ஈ.பி. மாதிரி முதல் எழுத்துகளை மட்டும் சேர்த்து நாம சொல்ற பேருங்க. இதுல ஒரு எபிசோடுக்கு என்ன இருக்குன்னு நினைப்பீங்க. போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்.

எங்க தாத்தா ஊர்லயே, வீட்டுல இறந்தார். துக்கம், காரியம்னு நாள் ஓடிடுச்சு. இறப்பை யாரும் பதிவு பண்ணல. ஆயா பேருக்கு நிலத்தை மாத்தணும்னு உட்கார்ந்தப்பதான் இறப்புச் சான்றிதழே இல்லைன்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள ஒரு வருஷம் தாண்டிடுச்சு. ஒரு வருஷத்துக்கு மேல போயிட்டா நேரா பதிவு பண்ண முடியாது, மேல ஒரு அதிகாரிகிட்ட உத்தரவு வாங்கணும். நாங்க போன ஒரு அலுவலகத்துல, கவுண்டர்ல இருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஆர்.டி.ஓ. ஆர்டர் வாங்கிட்டு வாங்க."

நான் இன்ஜினியர், சென்னையில வேலை பார்க்கிறவன். உடனே போனை எடுத்தேன், மேப்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்னு போட்டேன். ஆயாவைக் கூட்டிட்டு பஸ் ஏறினேன். டவுன் பஸ்ங்கிறதால ஆயாவுக்கு டிக்கெட் இல்ல, எனக்கு மட்டும் எடுத்தேன். போய் இறங்கின இடத்துல வரிசையா டூ வீலர் நிக்குது, எட்டு போட்டுக் காட்ட பசங்க காத்துக்கிட்டு இருக்காங்க. ஆயா என்னைப் பார்த்து, "வண்டி ஆபீசுக்கு எதுக்குடா கூட்டியாந்த?"ன்னு கேட்டாங்க. நான் அப்பவும் விடல. உள்ள போய் தாத்தாவோட பேப்பரை நீட்டினேன். அங்க இருந்தவர் ரொம்ப மரியாதையா, "பெரியவர் லைசென்ஸை சரண்டர் பண்ணணுமாங்க?"ன்னு கேட்டார்.

இப்ப உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். முதல்ல சொன்ன ஆர்.டி.ஓ., ரெவின்யூ டிவிஷனல் ஆபீசர். தமிழ்ல வருவாய்க் கோட்டாட்சியர். நான் போன ஆர்.டி.ஓ., ரீஜினல் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ், அதாவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். ஆங்கிலத்துல எழுதினா நடு எழுத்து வேற வேற. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணு. பேப்பர்ல "ஆர்.டி.ஓ. விசாரணை"ன்னு வந்தா அது கோட்டாட்சியர், "ஆர்.டி.ஓ. சோதனை"ன்னு வந்தா பெரும்பாலும் போக்குவரத்து. பக்கத்துல இருக்கிற வார்த்தையை வெச்சுத்தான் பிரிச்சுக்கிறோம். கவுண்டர்ல நிக்கிற ஆளுக்குப் பக்கத்து வார்த்தை கிடைக்காது.

திரும்பி வரும்போது ஆயா சொன்னது: "சப் கலெக்டர் ஆபீசுன்னு சொல்லியிருந்தா நானே இட்டுனு போயிருப்பேனே." அவங்க ஆர்.டி.ஓ.ங்கிற பேரை வண்டிக்கு மட்டும்தான் வெச்சிருக்காங்க. அவங்க மண்டைக்குள்ள குழப்பமே இல்ல.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இதுக்கு எங்கயாவது விதி இருக்கான்னு தேட ஆரம்பிச்சேன். நம்ம வேலையில கோடுக்கே ஸ்டைல் கைடு வெச்சிருப்போம், எங்க ஸ்பேஸ், எங்க பிராக்கெட்னு. அரசாங்கம் எழுதுற எழுத்துக்கும் அப்படி இருக்கணுமே? பல நாட்டுல இருக்கு. பிரிட்டன் அரசோட ஒரே இணையதளம் இருக்கு இல்லையா, கவ் டாட் யூகே, அதோட நடைக் கையேடு எல்லாருக்கும் திறந்தே இருக்கு. அதுல சுருக்கப் பேர் எழுதுறதுக்கு ஒரு தனிப் பகுதி. எழுத்துக்கு நடுவுல புள்ளி வைக்காதே. முதல் தடவை சொல்லும்போது முழுப் பேரைச் சொல்லு. ஆனா எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்ச பேருன்னா விரிக்க வேணாம், உதாரணத்துக்கு அவங்க ஊர் வாகன லைசென்ஸ் ஏஜென்சியான டி.வி.எல்.ஏ., அப்புறம் எம்.பி., வாட் வரி. இதுவரைக்கும் சாதாரணம்தான். இதுக்குக் கூடவே இருந்த ஒரு வரிதான் என்னை எழுந்து உட்கார வெச்சது. ஒரு சுருக்கப் பேர் "எல்லாருக்கும் தெரியும்"னு நீ சொன்னா, நாட்டு மக்கள்ல 80 சதவீதம் பேருக்கு அது புரியும், அவங்களே அதைப் பேச்சுல பயன்படுத்துறாங்கன்னு ஆதாரம் கொண்டு வா.

எண்பது சதவீதம்! டிபார்ட்மென்ட்ல உட்கார்ந்துக்கிட்டு "இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் சார்"னு சொல்ற ஆளுக்கு இதுதான் கேள்வி. தெரியும்னா யாருக்கு?

ஆங்கிலத்துல இந்தச் சண்டை பெரும்பாலும் கேபிடல் லெட்டர்ல நடக்கும். பழகின பேரை எல்லா எழுத்தும் பெருசா எழுதுறதா, முதல் எழுத்து மட்டும் பெருசா எழுதுறதா? பி.பி.சி.யும் கார்டியனும் நாசா, நேட்டோ, யுனிசெஃப் மாதிரி ஒரே வார்த்தையா உச்சரிக்கிற பேர்ல முதல் எழுத்தை மட்டும்தான் பெருசாப் போடும். எழுத்து எழுத்தாச் சொல்ற பேர்னா எல்லாமே பெருசு. இன்னும் பழகிட்டா அந்த முதல் எழுத்தும் சின்னதாயிடும். ரேடார், லேசர் ரெண்டும் ஒரு காலத்துல சுருக்கப் பேர்கள்தான், இன்னைக்கு வெறும் சொற்கள். கேபிடலுக்கு ஒரு உபயோகமும் இருக்கு. உலக சுகாதார அமைப்போட மூணு எழுத்தைச் சின்னதா எழுதினா 'ஹூ'ன்னு ஆயிடும், 'யாரு?'ன்னு அர்த்தம். அமெரிக்காவைச் சின்னதா எழுதினா 'நம்மை'ன்னு ஆயிடும்.

நமக்குக் கேபிடலே கிடையாது. தமிழ் எழுத்துல பெருசு சின்னது இல்ல. அப்ப நாம இதை எப்படிக் காட்டுறோம்? யோசிச்சுப் பார்த்தா நம்ம கேபிடல் லெட்டர், புள்ளிதான். தினத்தந்தியில தி.மு.க.ன்னு புள்ளியோட வரும். இந்து தமிழ் திசையில திமுகன்னு ஒரே வார்த்தையா வரும். எம்.ஜி.ஆர். எம்ஜிஆர் ஆயிட்டார். அவர் பேரை மருதூர் கோபாலன் ராமச்சந்திரன்னு விரிச்சு, தமிழ்ப்படி ம.கோ.இரா.ன்னு எழுதினவங்களும் உண்டு. ஜனங்க வாயில எது நின்னுச்சுன்னு சொல்லவே வேணாம்.

இன்னொரு வகை, புள்ளியே எடுக்காதது. டாஸ்மாக். 1983-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தோட ஆங்கிலப் பேர்ச் சுருக்கம். இதுல ஒரு வேடிக்கை. முதல் தடவை முழுப் பேரைச் சொல்லுங்கிற விதியை இங்க போட்டா என்ன ஆகும்? முழுப் பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் புரியாது, சுருக்கத்தைச் சொன்னா குழந்தைக்கும் புரியும். சிப்காட்டும் அப்படித்தான். எங்க மாவட்டத்துல செய்யாறு பக்கம் மேல்மா விவசாயிகள் 2023-ல நிலம் எடுக்குறதை எதிர்த்துப் போராடினாங்க. அந்தப் பக்கத்துப் பாட்டிங்ககிட்ட "மாநிலத் தொழில் முன்னேற்ற நிறுவனம்"னு சொன்னா முழிப்பாங்க. சிப்காட்னு சொன்னா எந்த சர்வே நம்பர்ல எவ்வளவு போகுதுன்னு சொல்லுவாங்க. (ஆவின் இந்தக் கூட்டத்துல சேராது. பார்க்க சுருக்கப் பேர் மாதிரி இருக்கும், ஆனா அது ஆ, அதாவது பசு, அதோட 'இன்' சேர்ந்த அசல் தமிழ்ச் சொல். ஆங்கிலத்துல அதை எல்லா எழுத்தும் பெருசாப் போட்டு எழுதுறவங்களைப் பார்த்தா எனக்குக் கை துறுதுறுங்கும்.)

சரி, நம்ம ஊர் 80 சதவீதத்துக்கு வருவோம். வீட்டுலயே கேட்டேன். "ஆயா, கி.நி.அ.ன்னா என்னா தெரியுமா?"

"கினிக்கோழியா?"

கிராம நிர்வாக அலுவலரோட தமிழ்ச் சுருக்கம் அது. ஆயாவுக்கு வி.ஏ.ஓ. தெரியும். அவர் எத்தனை மணிக்கு வருவார், எந்த டீக்கடையில நிப்பார்னும் தெரியும். ஓ.ஏ.பி. தெரியும், அந்தக் காசை அவங்க கையால வாங்கியிருக்காங்க. முதியோர் உதவித்தொகைன்னு சொன்னா, "ஓ.ஏ.பி.யைச் சொல்றியா?"ன்னு என்னையே திருப்பிக் கேட்கிறாங்க. 2005-ல வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு ஆங்கிலத்துல நீளமான ஒரு சுருக்கம், தமிழ்ல அதைவிட நீளமான ஒரு முழுப் பேர். ஆயாவுக்கும் அம்மாவுக்கும் அது "நூறு நாள் வேலை". சட்டத்துலயும் இல்லாத, அகராதியிலயும் இல்லாத பேர். ஆனா எந்தக் கமிட்டி உட்கார்ந்தாலும் இதைவிடத் தெளிவா ஒரு பேர் வெச்சிருக்க முடியாது.

அதனால ஆங்கிலச் சுருக்கமே போதும்னு நான் சொல்ல வரல. அதுலதான் நான் வண்டி ஆபீசுக்குப் போனேன். ஆங்கில எழுத்தோட பேரைத் தமிழ்ல எழுதும்போது சில எழுத்துங்க ஒண்ணா உருகிடுது. 'பி'ன்னா ரெண்டு எழுத்து, 'டி'ன்னா ரெண்டு எழுத்து. டி.டி.ன்னு எழுதுங்க, அது பேங்க்ல எடுக்கிற டிமாண்ட் டிராஃப்ட், தூர்தர்ஷன், துருப்பிடிச்ச ஆணி குத்தினா போடுற ஊசி, மூணும்தான். ஸ்கூல்ல பி.டி. சார்னா விளையாட்டு சொல்லித் தர்றவரா, பி.எட். முடிச்ச பட்டதாரி ஆசிரியரா? ஐடி கார்டும் ஐடி கம்பெனியும் ஒரே ஐடி. நான் ஐடி கம்பெனியில ஐடி கார்டைத் தொலைச்சவன், எனக்குத் தெரியும்.

இலங்கைத் தமிழர்கள் இதை எப்பவோ தீர்த்துட்டாங்க. அவங்க ஒரு 'டி'யை டின்னும், இன்னொண்ணை ரின்னும் எழுதுவாங்க. டெலிவிஷன் அவங்களுக்கு ரி.வி. நாம சிரிப்போம், 'என்னப்பா ரிவி'ன்னு. ஆனா அந்த முறையில கோட்டாட்சியர் ஆர்.டி.ஓ., போக்குவரத்து ஆர்.ரி.ஓ. என் பஸ் டிக்கெட் மிச்சமாகியிருக்கும். அவங்ககிட்ட தமிழ்ச் சுருக்கங்களும் நல்லா ஓடுது. க.பொ.த.ன்னு சொன்னா யாழ்ப்பாணத்துல படிக்கிற பையன் விளக்கம் கேட்கமாட்டான், கல்விப் பொதுத் தராதரப் பரீட்சை, அவன் வாழ்க்கையே அதுலதான் இருக்கு. பஸ் கம்பெனி இ.போ.ச.

சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேல. அங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 'வீவக', மத்திய சேம நிதி 'மசேநி'. புள்ளிகூட கிடையாது. தமிழ் முரசைத் திறந்தா வீவக வீடு, மசேநி பணம்னு சாதாரணமா வரும். முதல் தடவை 'மசேநி'யைப் பார்த்தப்ப நான் ஏதோ ஜப்பான் பேர்னு நினைச்சேன். அங்க இருக்கிற ஃபிரெண்டுக்கு அது மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கிற காசு. தமிழ்ச் சுருக்கம் செயற்கையா இருக்கு, நாக்குல ஒட்டாதுன்னு நம்மாளுங்க சொல்றாங்க இல்லையா, அது தமிழோட குத்தம் இல்ல. வீவகவும் க.பொ.த.வும் எல்லா அறிவிப்புலயும் வருஷக்கணக்கா ஒரே மாதிரி வந்துச்சு. கி.நி.அ. எங்க வந்துச்சு? ஆபீஸ் முத்திரையில ஒரு மாதிரி, போர்டுல ஒரு மாதிரி, பேச்சுல மூணாவது மாதிரி.

அடுத்தது, இதே பிரச்சினையோட சின்ன வடிவம். இனிஷியல். சுருக்கெழுத்துலயே ரொம்பச் சொந்தமானது அதுதான், நம்ம ஒவ்வொருத்தர் பேருக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு.

கோட்டாட்சியர் ஆபீசுக்கு ஒரு வழியா சரியாப் போய்ச் சேர்ந்தோம். அங்க வேலை முடிஞ்சுது. அடுத்த கட்டத்துல, வேற ஒரு இடத்துல, ஃபைல் நின்னுடுச்சு. தாத்தா பேர் 'கு'வுல ஆரம்பிக்கும். ஆயாவோட ரேஷன் கார்டுல இனிஷியல் 'கு.'ன்னு இருக்கு. ஆதார்ல ஆங்கிலத்துல ஒரு எழுத்து, அதுக்குக் கீழ தமிழ்ல 'கே.'ன்னு இருக்கு. ஆங்கில எழுத்தை மெஷின் அப்படியே தமிழ் ஒலியா மாத்தியிருக்கு, யாரும் கவனிக்கல. 'கு.'வும் 'கே.'யும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்கச் சொல்லிட்டாங்க. நோட்டரி, அஃபிடவிட், நாலு நடை. நாப்பத்தஞ்சு வருஷம் ஒண்ணா வாழ்ந்த மனுஷனோட முதல் எழுத்து இதுதான்னு ஆயா முத்திரைத்தாள்ல கைநாட்டு வெச்சாங்க. அவங்க அழல. "எழுதத் தெரிஞ்சவங்க செஞ்ச தப்புக்கு எழுதத் தெரியாதவ ரேகை வெக்கிறேன்"னு மட்டும் சொன்னாங்க.

இனிஷியலுக்கு நம்ம அரசாங்கத்துல விதி இருக்கு. 2021 டிசம்பர்ல தமிழ் வளர்ச்சித் துறை ஒரு அரசாணை போட்டுச்சு. தமிழ்ல பேர் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழ்லயே எழுதணும், முதலமைச்சர்ல ஆரம்பிச்சு அரசு ஊழியர்கள், மாணவர்கள் வரைக்கும். எங்க தொகுதிக்காரரையே எடுத்துக்கோங்க. கீழ்பென்னாத்தூர்ல ஜெயிச்சு 2021-ல சட்டப்பேரவைத் துணைத் தலைவரான கு.பிச்சாண்டி. பக்கத்துத் தொகுதி, திருவண்ணாமலை, எ.வ.வேலு. முதலமைச்சரா இருந்து அந்த அரசாணையைக் கொண்டு வந்தவர் மு.க.ஸ்டாலின், மு. முத்துவேல், க. கருணாநிதி. இவங்க எல்லாம் முன்னாடியே தமிழ் முன்னெழுத்துதான். அந்தக் கட்சியைத் தொடங்கினவரை மட்டும் பாருங்க, சி.என்.அண்ணாதுரை. அந்த 'சி', காஞ்சிபுரத்தை வெள்ளைக்காரன் காஞ்சீவரம்னு அவன் ஸ்பெல்லிங்ல எழுதினதால வந்தது. ஊர் பேர் 'கா'வுல ஆரம்பிக்குது, இனிஷியல் 'சி'ல நிக்குது.

அரசாணை நல்ல விஷயம். ஆனா ஒரு இன்ஜினியரா எனக்கு ஒரு இடிப்பு. 'கே.'ங்கிறதும் தமிழ் எழுத்துதானே? அதையும் தமிழ்ல எழுதியாச்சுன்னு ஒருத்தர் சொன்னா என்ன பண்ணுவீங்க? ஆங்கிலத்துல அந்த ஒரு எழுத்துக்குப் பின்னாடி க, கா, கி, கீ, கு, கூன்னு கௌ வரைக்கும் பன்னிரண்டு எழுத்து ஒளிஞ்சிருக்கு. டேட்டாபேஸ்ல அந்த ஒரு எழுத்து மட்டும் இருந்தா, உலகத்துல எந்த ஏஐ வந்தாலும் அது 'கு'தான்னு கண்டுபிடிக்க முடியாது. தகவல் உள்ள வரும்போதே தொலைஞ்சு போச்சு. அப்பா பேரை முழுசா வாங்கி வைக்கிறதைத் தவிர வேற வழி இல்ல.

ரொம்பப் பேசுறேன், இல்ல? இப்ப என் கதை.

இந்த 'கே.' மேல இருந்த கோவத்தோட சென்னைக்குத் திரும்பினேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் எழுதின ஒரு பழைய கோடைத் திறந்தேன். ஒரு கல்வி நிறுவனத்துக்குத் தமிழ்ல சான்றிதழ் அச்சடிக்கிற புரோகிராம். அப்பா பேரை முழுசா வாங்கி, முதல் எழுத்தை எடுத்து, புள்ளி வெச்சு, பேருக்கு முன்னாடி போடும். முழுப் பேரையே வாங்கிட்டேனே, நான் நல்லவன்தானே? முதல் எழுத்தை எப்படி எடுத்திருக்கேன்னு பார்த்தேன். பைத்தான்ல எல்லாரும் செய்யற மாதிரி, பேருக்குப் பக்கத்துல பிராக்கெட் போட்டு உள்ள ஜீரோ.

கோட் எழுதுறவங்க இப்பவே தலையில அடிச்சிருப்பீங்க. மத்தவங்களுக்குச் சொல்றேன். யூனிகோட்ல தமிழோட 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கிடையாது. 'மு'ங்கிறது நமக்கு ஒரு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது 'ம' ஒண்ணு, உகரக் குறி ஒண்ணு, மொத்தம் ரெண்டு. அதனால 'முருகன்'னு கொடுத்து முதல் எழுத்தைக் கேட்டா 'ம' வரும். 'குமார்' கொடுத்தா 'க' வரும். அரசாங்கம் 2010-ல கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்துல யூனிகோடோட சேர்த்து இன்னொரு தரத்தையும் ஏத்துக்கிச்சு, டேஸ் 16ன்னு பேர். அதுல ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண், 'மு'வுக்கும் உண்டு. அது பரவலா போன்ல வரல, யூனிகோட்தான் நின்னுச்சு. ஆக, முழு எழுத்தா வெட்டுறது எழுதுறவன் பொறுப்பு. அதுக்கு லைப்ரரி இருக்கு, ஜாவாஸ்கிரிப்ட்ல உள்ளேயே செக்மென்டர் இருக்கு. பத்து நிமிஷ வேலை. நான் செய்யல. டெஸ்ட் பண்ணினப்ப என் பேரைப் போட்டுப் பார்த்தேன், அது சரியா வந்துச்சு. எங்கப்பா பேர் அகரத்துல ஆரம்பிக்கும்.

யோசிச்சுப் பாருங்க. தாத்தா என் புரோகிராம் வழியாப் போயிருந்தா 'க.' ஆகியிருப்பார். ரேஷன் கார்டுல 'கு.', ஆதார்ல 'கே.', பேரன் உபயத்துல 'க.'. எத்தனை பசங்க சான்றிதழ்ல அப்பாவோட உகரத்தையும் ஏகாரத்தையும் நான் பிடுங்கியிருக்கேன்னு கணக்கு இல்ல. இப்ப அந்த கம்பெனியில நான் இல்ல. பழைய டீம் லீடுக்கு போன் போட்டுச் சொன்னேன். "இத்தனை வருஷமா ஒரு டிக்கெட்கூட வரலையேடா"ன்னார். வராது. சான்றிதழ்ல இனிஷியல் தப்பா வந்தா யாரும் பக் ரிப்போர்ட் போடமாட்டாங்க, நோட்டரியைத் தேடிப் போவாங்க. சரி பண்ணிட்டோம்னு அப்புறம் மெசேஜ் வந்துச்சு. ஏற்கெனவே அச்சானது அச்சானதுதான்.

இன்னும் ஒரே ஒரு விஷயம், இது எல்லார் வீட்டுக்கும். ஈ.பி. 1957-ல ஆரம்பிச்ச மின்சார வாரியத்தை 2010-ல பிரிச்சாங்க, டான்ஜெட்கோ வந்துச்சு. 2024-ல மறுபடி பிரிச்சாங்க, இப்ப டி.என்.பி.டி.சி.எல். எங்க அம்மாவுக்கு இது எதுவுமே நடக்கல, அவங்களுக்கு எப்பவும் ஈ.பி. ஆனா போனுக்கு வர்ற அசல் மெசேஜ் புதுப் பேர்ல வருது. "பில் கட்டல, இன்னைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு கரண்ட் கட்"னு மோசடிக்காரன் அனுப்புறானே, அவன் எந்தப் பேர்ல அனுப்புறான்? எலக்ட்ரிசிட்டி ஆபீஸ்னு, ஜனங்களுக்குத் தெரிஞ்ச பேர்ல. அரசாங்கம் அம்மாவுக்குத் தெரியாத பேர்ல பேசுது, திருடன் தெரிஞ்ச பேர்ல பேசுறான். அம்மா யாரை நம்புவாங்க? எங்க அம்மா போன்ல நானே ரெண்டு மெசேஜையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினேன். அசலைக் காட்டி, "இதுதான் ஏமாத்துறது"ன்னாங்க.

அதனால இந்த பாட்காஸ்ட்டோட எழுத்து வடிவத்துக்கு நாங்க மூணு பேரும் உட்கார்ந்து ஒரு கையேடு எழுதியிருக்கோம், ஒரு பக்கம்தான். எழுத்து எழுத்தாச் சொல்ற பேருக்குப் புள்ளி வைப்போம், வார்த்தையாச் சொல்றதுக்கு வைக்கமாட்டோம். கூட வேலை பார்க்கிறவன் திமுகவுக்குப் புள்ளி வேணாம்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கான். புள்ளி வந்தா அங்க வாக்கியம் முடிஞ்சுதுன்னு அவனோட சாப்ட்வேர் வெட்டிடுதாம், "சாப்ட்வேரை மாத்துடா, கட்சியை மாத்தாத"ன்னு சொல்லியிருக்கேன். அதிகாரிங்க பேரை முதல் தடவை தமிழ்ல முழுசா, கூடவே ஊர்ல சொல்ற பேரையும் எழுதுவோம்: வருவாய்க் கோட்டாட்சியர், ஊர்ல சப் கலெக்டர் ஆபீஸ். ஆர்.டி.ஓ.ங்கிறதைத் தனியா விடவே மாட்டோம். இனிஷியலை அவங்கவங்களைக் கேட்டுத்தான் எழுதுவோம், நாமளா மாத்தமாட்டோம். 80 சதவீத ஆதாரம் எங்ககிட்ட கிடையாது, அதனால சந்தேகம் வந்தா ஆயாகிட்ட கேட்போம்.

உங்க ஊர்ல இதே மாதிரி ரெண்டு ஆபீசுக்கு ஒரே சுருக்கம் இருந்தா, இல்ல உங்க கார்டுல இனிஷியல் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி இருந்தா, வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. சேர்த்து ஒரு எபிசோடு போடுறேன். கீழ ஆயா சாப்பிடக் கூப்பிடுறாங்க. பட்டா இன்னும் வரல, வி.ஏ.ஓ. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காராம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.